ஒளியும் உருவமும் – 5: வட்ட மண்டபத்தின் 24 கண்கள்

இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரண்டு இடங்களிலிருந்து காண்பதனால்தான் ஆழம் என்னும் உணர்ச்சி நமக்கு உண்டாகிறது என்பதை 1838-ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் விளக்கிய வரலாற்றையும், அவருடைய ஸ்டீரியோஸ்கோப் பின்னர்ப் புகைப்படக் கலையோடு சேர்ந்து ஐரோப்பியக் குடும்பங்களின் வரவேற்பறைகளில் இடம் பிடித்த விதத்தையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அந்தக் கருவி ஆழத்தின் தோற்றத்தை அளித்ததே தவிர, அதன் அளவை அளிக்கவில்லை. அதற்குள் எழுந்து நின்ற மாளிகையின் அகலம் என்ன, பின்புறம் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு அதனிடம் விடை கிடையாது. காமிரா எடுத்த படங்களிலிருந்தே ஒரு பொருளை நீளம், அகலம், கனம் என்ற மூன்று பரிமாணங்களோடும் மீண்டும் சமைத்தெடுக்க முடியுமா என்ற கேள்வியை ஒரு தொழிலாகவே ஏற்று, அதற்கென்று மண்டபம் கட்டி, ஆட்களை அமர்த்தி, வாடிக்கைக்காரர்களை வரவழைத்து நடத்திக் காட்டியவர் பாரிஸ் நகரத்துச் சிற்பி ஒருவர். அவர் பெயர் பிரான்சுவா வில்லேம்.

அக்காலத்துப் பாரிஸில் ஒருவர் தம் முகத்தைச் சலவைக்கல்லிலோ வெண்கலத்திலோ காண விரும்பினால், சிற்பியின் கூடத்துக்குப் பலமுறை சென்று, ஒவ்வொரு முறையும் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கான பொறுமையும் பொருளும் ஒருங்கே உடையவர்கள் சிலரே. புகைப்படமோ அப்போது மளிகைக் கடைக்காரரும் வாங்கக் கூடிய பொருளாகிவிட்டது. 1854-இல் டிஸ்தேரி என்பவர் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுச் சிறு படங்களை எடுக்கும் பல வில்லைக் காமிரா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்று, விசிட்டிங் கார்டு அளவுள்ள உருவப்படங்களை மலிவான விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தார். சிற்பம் சிலருக்கும் படம் எல்லோருக்கும் என்றிருந்த இந்த நிலையில், படத்தின் எளிமையைச் சிற்பத்துக்கும் உரியதாக்க முடியாதா என்ற எண்ணம் ஓவியமும் சிற்பமும் பயின்ற வில்லேமின் மனத்தில் எழுந்தது மிகவும் இயல்பானதே.

டிஸ்தேரியின் காமிராவுக்கும் பல கண்கள் உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆயினும் அந்தக் கண்கள் அனைத்தும் ஒரே பெட்டியின் முகப்பில் நெருங்கி நின்றவை. எத்தனை படங்களை எடுத்தாலும் அவை ஏறக்குறைய ஓர் இடத்திலிருந்து கண்ட காட்சிகளே ஆகையால், முதற்படம் சொல்லாத எந்த ஆழத்தையும் எட்டாவது படம் சொல்லிவிட முடியாது. படங்களின் எண்ணிக்கையில் விசேஷம் ஒன்றும் இல்லை. அவை எடுக்கப்பட்ட இடங்களின் வேறுபாட்டில்தான் உருவத்தின் இரகசியம் அடங்கியிருக்கிறது. இதை நன்றாகக் கண்டுகொண்ட வில்லேம், காமிராக்களைப் பிரித்து ஒரு வட்டத்தின் பரிதியில் நிறுத்தினார். மனிதரை அதன் மையத்தில் நிறுத்தினார்.

1860-ஆம் ஆண்டில் இம்முறைக்குப் பிரான்ஸில் காப்புரிமை பெற்ற அவர், அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புகைப்படக் கழகத்தாரின் முன் அதைச் சமர்ப்பித்தார். சில ஆண்டுகளுக்குள் பாரிஸில் வெற்றி வளைவு நிற்கும் எத்துவால் பகுதிக்கு அருகே, கண்ணாடிக் கூரை வேய்ந்த வட்ட மண்டபம் ஒன்று எழும்பியது. அதன் சுவரில் 15 பாகை இடைவெளிக்கு ஒன்றாக 24 காமிராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. வருபவர் கண்ணில் பட்டவை சுவரிலிருந்த சிறு துவாரங்கள் மட்டுமே. காமிராக்கள் சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தன. மண்டபத்தின் நடுவே ஒரு வட்ட மேடை. அதன் மையத்துக்கு நேர்மேலே கூரையிலிருந்து தொங்கிய தூக்குக்குண்டு. மேடையில் ஏறி நின்றவர் தமக்கு உகந்த நிலையில் சில விநாடிகள் அசையாதிருந்தால் போதும். 24 தகடுகளும் ஒரே சமயத்தில் ஒளியைப் பெற்றுவிடும். அதன் பின்பு அவர் வீட்டுக்குப் போகலாம்.

ஒரே சமயத்தில் என்று இங்கே ஒரு சொல்லில் கூறிவிட்டேன். அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருந்தது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் வழங்கிய கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் பிசினை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்கு முன்பே காமிராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். ஒரு தகட்டுக்கே பரபரப்பான வேலை இது. 24 தகடுகளும் ஈரமாகவே ஆயத்தமாகி, ஒரே கணத்தில் திறந்து மூடி, ஒன்றும் பழுதாகாமல் வெளிவர வேண்டுமானால், மண்டபத்தின் சுவருக்குப் பின்னால் நன்றாகப் பழகிய உதவியாளர் குழு ஒன்று இயங்கியிருக்க வேண்டும். மனிதர் மூச்சு விடுகிறார், இமைக்கிறார், சாய்கிறார். ஒரு காமிராவை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் படமெடுத்தால், முதற்படத்திலுள்ள மனிதரும் கடைசிப் படத்திலுள்ள மனிதரும் வேறு வேறு நிலையில் இருப்பார்கள். அந்தப் படங்கள் ஓர் உருவத்தில் ஒன்றுகூட மாட்டா. உயிருள்ள பொருளுக்கு ஒரே கணத்துப் பல பார்வைகள் வேண்டும் என்ற இந்த விதியை வில்லேம் அன்றே உணர்ந்து, அதற்கேற்பத் தம் மண்டபத்தை அமைத்தார் என்பது என் அபிப்பிராயத்தில் அவருடைய பெருமைகளுள் தலையாயது.

இனி அடுத்த அறைக்குச் செல்வோம். கழுவி உலர்ந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாஜிக் லாந்தரில் வைக்கப்பட்டுத் திரையில் பெரிதாக விழுந்தன. திரைக்கு அருகே, 24 பிரிவுகள் குறித்த சுழலும் தட்டின் மேல் ஒரு களிமண் திரள் காத்திருந்தது. இரண்டையும் இணைத்தது பாண்டோகிராப் என்னும் கருவி. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டாப் ஷைனர் அமைத்த இந்தச் சட்டத்தில், மூட்டுகளால் பிணைந்த கோல்களின் ஒரு முனையை ஒரு கோட்டின் வழியே நகர்த்தினால், மறுமுனை அதே கோட்டை வேண்டிய விகிதத்தில் பெரிதாகவோ சிறிதாகவோ வரைந்து செல்லும். வில்லேமின் தொழிலாளர் ஒரு முனையைத் திரையிலுள்ள உருவத்தின் விளிம்புக்கோட்டில் வைத்து நெற்றியிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து மோவாய்க்கும் மெல்ல நடத்திச் செல்ல, மறுமுனையில் பொருத்திய வெட்டுக்கருவி களிமண்ணில் அதே விளிம்பைச் செதுக்கியது. ஒரு படம் முடிந்ததும் தட்டு 15 பாகை திரும்பும். அடுத்த படம் திரையில் விழும். இவ்வாறு தட்டு ஒரு முழுச்சுற்று வந்து நின்றபோது, மண்டபத்தில் நின்ற மனிதரின் உருவம் களிமண்ணில் தோன்றியிருக்கும். தூக்குக்குண்டு எதற்கு என்பது இப்போது விளங்கும். எல்லாப் படங்களுக்கும் பொதுவான ஓர் அச்சு இல்லாவிட்டால், ஒவ்வொரு விளிம்பும் களிமண்ணில் எந்த இடத்தில் பொருந்த வேண்டும் என்பதற்கு நிதானமே இராது.

இம்முறையின் துல்லியம் எவ்வளவு என்பதைச் சிறிது க்ஷேத்திர கணிதம் கொண்டு நாமே கணித்துப் பார்க்கலாம். 9 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டைத் தலையை எடுத்துக்கொள்வோம். 15 பாகைக்கு ஒரு விளிம்பு என்றால், அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளுக்கு இடையே தலையின் சுற்றளவில் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர் இருக்கும். இவ்வளவு அகலமான பட்டையை எந்த விளிம்பும் தொடவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. 24 நேர்வெட்டுகளால் கிடைப்பது வட்டத்தைச் சூழ்ந்த 24 பக்கமுள்ள பலகோணம். அதன் முனைகள் உண்மையான வட்டத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. அந்த மெல்லிய வரம்புகளை ஈரக்கையால் தடவியே மட்டப்படுத்திவிடலாம். எதிரெதிரே நின்ற இரண்டு காமிராக்கள் காணும் விளிம்புகள் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று வலம் இடம் மாறியவையே ஆதலால், ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதி விளிம்பை மட்டும் பின்பற்றினாலும் வட்டம் நிறைவுபெற்றுவிடும்.

ஆனால் மனித முகம் உருண்டை அன்று. குறை இங்கேதான் தொடங்குகிறது. இளநீர் சீவுபவரின் அரிவாளைப் பார்த்திருக்கிறோம். காயைத் திருப்பித் திருப்பி அவர் எத்தனை முறை சீவினாலும், ஒவ்வொரு சீவலும் நேராகவே செல்வதனால், காய் மேலும் மேலும் வடிவு பெறுமே ஒழிய, அந்தச் சீவல்களால் அதன் பக்கத்தில் ஒரு குழியை உண்டாக்க முடியாது. விளிம்புக்கோட்டின் வேலையும் இத்தகையதே. ஒரு பொருளின் எந்தப் பகுதி எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் விளிம்பில் வந்து நிற்பதில்லையோ, அந்தப் பகுதியை விளிம்புகளால் அறிய வழியில்லை. கண்குழியின் உட்புறம், காது மடலின் சுருள்கள், இதழ்களுக்கு இடையேயுள்ள பள்ளம், ஆடையின் மடிப்புக்குள் புதைந்த நிழல் ஆகிய இவை யாவும் காமிராக்களின் கண்ணுக்குத் தெரிந்தவையே, படங்களில் பதிந்தவையே, ஆயினும் விளிம்பில் வராதவை. 24-ஐ 240 ஆக்கினாலும் அவை வரமாட்டா. அந்த இடங்களைப் பயிற்சி பெற்ற சிற்பிகள் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கையால் குழித்து, மெருகிட்டு முடித்தார்கள். முகத்துக்கு உயிர் கொடுப்பவை பெரும்பாலும் அந்தப் பள்ளங்களே ஆகையால், யந்திரத்தின் வேலையாக விளம்பரம் பெற்ற பிரதிமைகளின் ஜீவன் கடைசி வரையில் கைவினைஞர்களையே சார்ந்திருந்தது. அவர்களுடைய பெயர்கள் பிரதிமைகளின் அடியில் பொறிக்கப்படவில்லை. இந்த வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைச் சொல்லிச் செல்வது என் கடமை.

போட்டோ-ஸ்கல்ப்சர் என்று வில்லேம் தாமே பெயரிட்ட இக்கலை சில காலம் பெரும் புகழோடு விளங்கியது. பிரெஞ்சுக் கவிஞரும் கலை விமரிசகருமான தெயோபில் கோத்தியே 1864-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில், லண்டனில் புகைப்பட நிலையம் நடத்திவந்த பிரெஞ்சுக்காரரான அந்துவான் கிளோதே பாத் நகரத்தில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தாருக்கு இதை விளக்கி, பின்பு லண்டனிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. ஸ்பெயின் அரச குடும்பத்தினரின் உருவங்களும் இம்முறையில் வார்க்கப்பட்டன. 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் இதற்கென்று தனி மண்டபமே இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வில்லேமின் கூடம் மூடப்பட்டது. காரணம் தேடிச் சிரமப்பட வேண்டியதில்லை. 24 தகடுகள், அவற்றுக்கான ஆட்கள், திரைக்கு முன்னே மணிக்கணக்கில் நடக்கும் வேலை, இறுதியில் சிற்பியின் கை ஆகிய இத்தனையும் சேர்ந்த ஒரு பொருள், டிஸ்தேரியின் சின்னஞ்சிறு அட்டைப் படத்தோடு சந்தையில் போட்டியிட முடியாது. வில்லேம் தம் சொந்த ஊர்ப் பக்கமான ஸெடானுக்குத் திரும்பிப் புகைப்படத் தொழிலை மேற்கொண்டு, 1905 வரை வாழ்ந்தார். அவர் தம்மையே மண்டபத்தின் நடுவில் நிறுத்தி எடுத்துக்கொண்ட 24 படங்கள் இன்று அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. ஒரே மனிதர், ஒரே கணம், 24 திசைகள்! அவற்றை வரிசையாகக் காணும்போது அவரைச் சுற்றி நாமே நடந்து வருவது போன்ற பிரமை உண்டாகிறது.

பாரிஸில் இந்த மண்டபம் எழும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஜெர்மனியில் வேறொரு மனிதர் வேறொரு காரணத்துக்காகப் படங்களின் பக்கம் திரும்பியிருந்தார். 1858-ஆம் ஆண்டு, 24 வயது நிரம்பிய கட்டடக்கலைஞர் ஆல்பிரெக்ட் மைடன்பாவர், வெட்ஸ்லார் நகரத்துப் பழைய பேராலயத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். கயிற்றில் தொங்கும் தொட்டிலில் ஏறி, சுவரின் ஒவ்வொரு பகுதியையும் கையால் அளப்பது அந்நாளைய வழக்கம். ஒரு மாலையில், படியேறிச் செல்லும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகத் தொட்டிலிலிருந்து ஒரு ஜன்னலுக்குத் தாவ முயன்ற அவர், ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில் கால் தவறி, கையில் அகப்பட்ட சுவரைப் பற்றி மயிரிழையில் உயிர் தப்பினார். கீழே இறங்கிவரும்போதே, கட்டடத்தைத் தொட்டு அளப்பதற்குப் பதிலாக அதன் படத்தை அளக்கலாகாதா என்ற எண்ணம் தமக்கு உதித்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

எண்ணம் அவருக்குப் புதியது. உலகுக்கு முற்றிலும் புதியதன்று. பிரெஞ்சு ராணுவப் பொறியியல் அதிகாரியான எமே லோஸதா அந்த ஆண்டுகளிலேயே படங்களைக் கொண்டு நிலத்தை அளக்கும் முறையை வகுத்து, 1861-இல் வெர்ஸேய்ல்ஸுக்கு அருகிலுள்ள ப்யூக் என்னும் கிராமத்தின் வரைபடத்தைப் புகைப்படங்களிலிருந்தே வரைந்து காட்டினார். இருவரும் கைக்கொண்ட தத்துவம் ஒன்றே. காமிராவுக்குள் வில்லைக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் நிலையாக 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு ஜன்னலின் மூலை 5 சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருந்தால், காமிரா நோக்கிய திசையிலிருந்து அந்த மூலை 11 பாகைக்குச் சற்று மேல் விலகியிருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிடும். ஆக, படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு திசை. திசை தெரிந்தால் தூரம் தெரிந்ததாகாது. ஆனால் வேறோரிடத்திலிருந்து எடுத்த இரண்டாவது படத்திலும் அதே மூலையைக் கண்டுபிடித்து, அதன் திசையையும் கோடாக நீட்டினால், இரு கோடுகளும் வெட்டும் இடமே அந்த மூலை இருக்கும் இடம். காமிரா நின்ற இரண்டு இடங்களுக்கும் நடுவேயுள்ள தூரத்தைச் சங்கிலியால் அளந்து வைத்திருந்தால், கட்டடம் முழுவதையும் மேசைமீது அளந்துவிடலாம். மைடன்பாவர் இதற்கென்றே தாமாக ஒரு காமிரா சமைத்தார்; அது ரசமட்டம் வைத்து நேர்நிறுத்தப்படுவது, குவியத்தூரம் மாறாதது, தகட்டின் முன்னே நடுக்கோடுகளைக் காட்டும் இழைகள் பூண்டது. 1867-இல் பிரைபுர்க் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார். அவ்வாண்டிலேயே போட்டோகிராமெட்ரி என்ற பெயரும் பெர்லின் கட்டடக்கலைப் பத்திரிகையில் முதன்முதலாக அச்சேறியது.

இவ்விரு முறைகளையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இந்த அத்தியாயத்தை எழுத நேர்ந்ததே அதற்காகத்தான். சிற்பி விளிம்பை நம்பினார். அளவையாளர் புள்ளியை நம்பினார். விளிம்பு குழியை அறியாது. புள்ளி குழியின் அடிவரை சென்று அளந்துவிடும். அப்படியானால் வில்லேம் ஏன் புள்ளிகளை நாடவில்லை? மனிதரின் கன்னத்தில் புள்ளி ஏது! வழுவழுப்பான தோலின் ஓர் இடத்தை ஒரு படத்தில் குறித்துவிட்டு, அதே இடத்தை 15 பாகை தள்ளி எடுத்த மற்றொரு படத்தில் கண்டுபிடி என்றால் எந்தக் கண்ணாலும் இயலாது. ஜன்னலின் மூலையும், தூணின் போதிகையும், கோபுரத்தின் முனையும் தம்மைத் தாமே அடையாளம் காட்டிக்கொள்கின்றன. கன்னமும் நெற்றியும் அவ்வாறு காட்டுவதில்லை. ஆனால் அவற்றின் விளிம்போ, பின்திரைக்கு எதிரே ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்குப் பொருத்தமான வழியையே மேற்கொண்டார்கள். ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. இருவரும் சந்தித்ததாகவும் தெரியவில்லை. இரண்டு ஆறுகளும் தனித்தனியே ஓடின.

அளவையாளரின் ஆற்றுக்கு அரசாங்கத்தின் ஆதரவு கிடைத்தது. 1885-இல் பிரஷ்ய அரசு பெர்லினில் மைடன்பாவரின் தலைமையில் ஒரு நிலையத்தை நிறுவி, நாட்டின் பழைய கட்டடங்களை எல்லாம் அளவைப் படங்களாகப் பதிவு செய்யப் பணித்தது. 1920 வரை ஏறத்தாழ 2,600 கட்டடங்களின் 20,000 கண்ணாடித் தகடுகள் அங்கே சேர்ந்தன. அவற்றுள் பல 40 சென்டிமீட்டர் சதுரமானவை. தகடுகளைச் சேர்த்து வைத்தாலே போதும், வரைபடம் எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்பது மைடன்பாவரின் உறுதியான கொள்கை. கட்டடம் அழிந்த பின்பும் அதை அளக்கலாம் என்பது இதன் உட்பொருள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் நகரங்கள் இடிந்து விழுந்த பிறகு அந்தக் கொள்கையின் அருமை விளங்கியது. பெர்லினில் சிதைந்து நின்ற பிரெஞ்சு தேவாலயக் கோபுரத்தைப் பிற்காலத்தில் புதுப்பித்தபோது இந்த நிலையத்தின் பழைய படங்களே அளவுக்கு ஆதாரமாக உதவின. படத்திலிருந்து உருவம் செய்யும் கலைக்கு இதைவிட உயர்ந்த பிரயோஜனம் ஒன்றை என்னால் எண்ண முடியவில்லை.

சிற்பியின் ஆறு நெடுங்காலம் மணலுக்கு அடியில் ஓடி, நூறு ஆண்டுகளுக்குப் பின்பு கலிபோர்னியாவில் மீண்டும் வெளிப்பட்டது. 1974-இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் பாம்கார்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் தம் டாக்டர் பட்ட ஆய்வில், சுழலும் தட்டின் மேல் ஒரு பொம்மையை வைத்து, டெலிவிஷன் காமிராவால் பல திசைகளிலிருந்து பார்த்து, ஒவ்வொரு காட்சியின் விளிம்புக்கோட்டையும் காமிராவிலிருந்து நீளும் ஒரு கூம்பாக விரித்து, அந்தக் கூம்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதியைக் கம்ப்யூட்டரின் கணக்கில் வெட்டியெடுத்தார். திரை போயிற்று, பாண்டோகிராப் போயிற்று, களிமண்ணும் போயிற்று. வில்லேமின் முறை மட்டும் அப்படியே நின்றது. அதன் குறையும் நின்றது. 1994-இல் இத்தாலிய அறிஞர் அல்டோ லவுரெந்தினி, விளிம்புகளை மட்டும் கொண்டு ஒரு பொருளை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்ற கேள்விக்குக் கணித ரீதியாக விடை கண்டு, எத்தனை கோடிப் பார்வைகள் சேர்ந்தாலும் மீறமுடியாத அந்த எல்லைவடிவத்துக்குப் பெயரும் சூட்டினார். பாரிஸ் சிற்பிகள் விரல் நுனியால் குழித்த இடங்களெல்லாம் அந்த எல்லைக்கு உட்பட்டவையே.

எல்லையைத் தாண்டுவதற்கு அளவையாளரின் துணை தேவைப்பட்டது. 1999-இல் கிரியாகோஸ் குடுலாகோஸும் ஸ்டீவன் ஸைட்ஸும் வெளியிட்ட முறையில், பொருள் இருக்கும் வெளி முழுவதும் நுண்ணிய கனசதுரங்களாகப் பகுக்கப்படுகிறது. மேற்பரப்பிலுள்ள ஒரு கனசதுரத்தை அதைக் காணும் படங்கள் அனைத்திலும் தேடிப் பார்த்து, எல்லாப் படங்களும் அங்கே ஒரே நிறத்தைக் காட்டினால் அதை நிறுத்தி வைப்பது, மாறுபட்டால் செதுக்கி எறிவது என்பது அதன் விதி. விளிம்பு நின்றுவிடும் இடத்தில் நிறம் வேலையைத் தொடர்வதால், உளி குழிக்குள்ளும் இறங்குகிறது. ஒரே நிறமான வழுவழுப்பான பரப்பு அதற்கும் தடையே. வில்லேமின் கன்னம் இன்றளவும் கடினமான கன்னமாகவே இருக்கிறது. இதற்குச் சற்று முன்பே, பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டகேயோ கனாடே 5 மீட்டர் விட்டமுள்ள கோளக்கூண்டு ஒன்றைக் கட்டி, அதில் 51 காமிராக்களை உள்நோக்கிப் பொருத்தி, நடுவில் இயங்கும் மனிதரின் முப்பரிமாண உருவத்தைக் கணத்துக்குக் கணம் கணித்தெடுத்தார். வில்லேமின் மனிதர் அசையாது நிற்க வேண்டியிருந்தது. கனாடேயின் மனிதர் பந்து விளையாடலாம்.

விளிம்பை நம்பியவரும் புள்ளியை நம்பியவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள். காமிரா எங்கே நிற்கிறது, எந்தத் திசையை நோக்குகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதே அது. வில்லேம் தம் காமிராக்களைச் சுவரிலே பதித்து 15 பாகையை நிலைநாட்டினார். மைடன்பாவர் ரசமட்டமும் சங்கிலியும் இன்றி ஒரு தகட்டையும் திறக்கவில்லை. பாம்கார்டின் சுழல்தட்டும் கனாடேயின் கூண்டும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவையே. யாரோ, எங்கிருந்தோ, கையில் பிடித்த காமிராவால் எடுத்த இரண்டு படங்கள் மட்டும் கிடைத்து, நின்ற இடமும் நோக்கிய திசையும் தெரியாது போனால், அந்தப் படங்களே தாம் எடுக்கப்பட்ட இடத்தைச் சொல்லிவிடுமா? 1913-ஆம் ஆண்டில் ஆஸ்திரியக் கணித அறிஞர் எர்வின் க்ரூப்பா, குவியத்தூரம் முதலிய உள் அளவுகள் தெரிந்த காமிராவானால், இரண்டு படங்களிலும் பொதுவான ஐந்து புள்ளிகள் கிடைத்தாலே அதற்கு எண்ணி முடியக்கூடிய சில விடைகள் உண்டு என்று நிறுவினார். அவருடைய ஐந்து புள்ளிகளைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.

(தொடரும்)